பனைகளுக்குப் பின்னால் ஒன்பதாவது குழி

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மதுரையிலிருந்து அலங்காநல்லூர் புறப்படும் பஸ், யுத்தம் வந்ததிலிருந்து பெட்ரோலை மறந்து கரியைத் தின்கிறது. பின்புறத்து அடுப்பை விசிறிச் சக்கரம் சுற்றி மூட்டி முடிப்பதற்குள் பயணிகள் இரண்டாவது காப்பியே குடித்துவிடலாம். தூரம் பத்து மைல். கட்டணம் நாலணா. கண்டக்டர் என் கையிலிருந்த மட்டையைப் பார்த்தார்.

"என்ன தம்பி, யாரை அடிக்கப் போறீக?"

"பந்தைத்தான், அண்ணே."

"பந்தடிக்க இம்புட்டுத் தூரமா? வைகை ஆத்துல மணலா இல்ல?"

இருக்கிறதே! இரண்டு வருஷமாகக் கோச்சடை ஆற்றுமணலில்தானே அடித்துப் பழகுகிறேன். மட்டை, டவுன் ஹால் ரோட்டுப் பழைய சாமான் கடையில் கிடைத்தது. பந்து ஒன்றே ஒன்று. ரப்பர் பஞ்சத்தில் இன்னொன்றுக்கு வழியில்லை.

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. தூரத்தில் கொடி நட்ட ஒரு குழிக்குள் சின்னப் பந்தை எவ்வளவு குறைந்த அடியில் தள்ளுகிறோம் என்பதே ஆட்டம். அலங்காநல்லூருக்குச் சற்று முன்னால், உழுது பிழைக்கும் சம்சாரிகளிடம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து வெள்ளைக்காரத் துரைமார் ஒன்பது குழி அமைத்திருந்தார்கள். நம்மவர்களுக்கு உள்ளே இடமில்லை. பஸ் ஜன்னலோடு சரி. பந்து போகிற பாதை முழுவதையும் சேர்த்தே குழி என்பார்கள். எட்டுக் குழிகள் நேரானவை. நின்ற இடத்திலிருந்தே கொடி தெரியும், தோளில் பலம் இருந்தால் போதும். ஒன்பதாவது மட்டும் பனங்கூட்டத்தை ஒட்டி இடதுபக்கம் மடங்கிப் போயிற்று. அதன் கொடியை நான் ஒருநாளும் கண்டதில்லை. காணாததனாலேயே மற்ற எட்டும் எனக்கு மறந்துபோயின. கல்லூரி நோட்டு ஓரங்களிலெல்லாம் அந்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கும் என்று நானே வரைந்து வரைந்து பார்த்திருக்கிறேன்.

வளைந்த குழிக்கு நாயின் பின்னங்காலை உவமை சொல்கிறார்கள் ஆங்கிலேயர்கள். மதுரைக்காரனுக்கு அது எதற்கு? மாசி வீதியில் நேரே ஓடும் தேரைப் பார்த்துக்கொண்டே கடலை கொறிக்கலாம். மூலையில் திருப்பும்போதல்லவா ஊரே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது!

துரைமார் யுத்தத்துக்குப் போனார்கள். குத்தகை முடிந்து நிலம் உடையவர்களிடமே திரும்பிவிட்டது. திங்கட்கிழமை அங்கே ஏர் பூட்டுகிறார்கள் என்று சனிக்கிழமை கேள்விப்பட்டேன். உழுதுவிட்டால் வளைவாவது குழியாவது! அதற்குமுன் அந்த மூலையை ஒருமுறை நானும் திரும்பிவிட வேண்டும்.

ஏழே முக்காலுக்கு இறங்கினேன். கோடை மழையில் மண் பதமாக இருந்தது. மூன்று ஜோடி மாடுகள் கொம்பில் மஞ்சளும் கழுத்தில் மாலையுமாக நின்றன. நல்லவேளை, ஒன்றும் அசையவில்லை. நிலத்துக்காரர் பெரியகருப்பன் கலப்பைமேல் உட்கார்ந்திருந்தார்.

"ராவுகாலம், தம்பி. ஒம்போது மணிக்கு மேலதான் பொன்னேரு. சித்திரையில மொத உழவுல்ல?"

"அதுவரைக்கும் இங்கே ஒரு பந்து அடிச்சுக்கட்டுமா, அண்ணே?"

அவர் மனைவி மாயக்காள் கூழ்க்கலயத்தை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார். "அடிக்கட்டும்ய்யா. நம்ம வேலையத்தான் தொடங்கக் கூடாது. வெளாட்டுக்கு ஏது ராவுகாலம்?"

பந்தை வைத்தேன். வழி இரண்டு. மூலைவரை பத்திரமாக அடித்து, அங்கிருந்து திருப்பி அடிக்கலாம். அல்லது பனை உச்சிகளுக்கு மேலே குறுக்காகவே அனுப்பலாம்.

"ஏன் தம்பி இம்புட்டுக் கோணலா வச்சானுக?" என்றார் பெரியகருப்பன்.

தேர் மூலை திரும்பும் கதையை ஆவலோடு விவரித்தேன்.

"தேரைத் திருப்ப முட்டுக்கட்டை போட ஆளு இருக்கு. உம்ம பந்துக்கு யாரு போடுவா?"

மாயக்காள் சிரித்த சிரிப்பில் மாடுகள் காதை அசைத்தன. அந்த ரோசமோ என்னவோ, பனைகளைப் பார்த்தே அடித்தேன். வைகை மணலில் ஒருநாளும் கேட்காத ஒரு சத்தம். பந்து எழும்பி, ஓலைகளைத் தாண்டி, வெயிலில் ஒருகணம் மின்னி, அந்தப் பக்கம் இறங்கியது. ஓடினேன். இரண்டு வருஷ ஏக்கமும் காலில் வந்துவிட்டது போல ஓடினேன்.

மூலை திரும்பினால், உழுத மண்! கரையிலிருந்து கரைவரை சால் சாலாக. பந்து உருள்வதற்காகக் குழியைச் சுற்றி எண்ணெய் தெளித்துக் கெட்டிப்படுத்தியிருந்த மணல், கட்டிகளோடு கலந்து நாலாபக்கமும் கிடந்தது. பந்தைக் காணோம்.

பெரியகருப்பன் பின்னாலேயே வந்துவிட்டார். "இது எங்க சித்தப்பா மகன் பங்கு. வெள்ளிக்கிழமையே உழுதாச்சு."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே, அண்ணே!"

"பந்தடிக்கவான்னுதானே கேட்டீக?"

"கொடிக்கம்பு எங்கே நின்னுச்சு?"

"இந்தா, இங்கனதான்." நாலடி நடந்தார். "இல்ல, அங்கன. உழுதப்புறம் எல்லாம் ஒண்ணாத்தானே இருக்கு."

கலயத்துக் கூழில் எனக்கும் ஒரு பங்கு கொடுத்த மாயக்காள், "பந்து மொளைச்சா சொல்லியனுப்புறோம், வருத்தப்படாதீக" என்றார்.

ஒன்பது மணிக்குமேல் சூடம் காட்டி ஏர்களை ஓட்டினார்கள். என் கால்தடம் இருந்த இடம் முதல் சாலிலேயே புரண்டது.

திரும்பும் பஸ்ஸில் வெறும் மட்டையோடு யோசித்துக்கொண்டு வந்தேன். நேர்க்குழியாக இருந்திருந்தால் உழுத மண்ணை ரோட்டிலிருந்தே பார்த்திருப்பேன். பந்தும் சட்டைப்பையிலேயே ஊர் திரும்பியிருக்கும். அந்த அடியை அடித்திருக்கவே மாட்டேன். மதுரையை நெருங்க, கோபுரங்கள் வழக்கம்போல வெகுதூரத்திலேயே நேர் எதிரே தெரிந்தன. அப்படித் தெரிவதில் எனக்கு எப்போதும் பெருமை உண்டு. அன்றைக்கு மட்டும், சாலை எங்காவது ஓரிடத்தில் மடங்கி அவற்றைக் கொஞ்ச நேரம் மறைக்காதா என்றிருந்தது.