கழுவியின் கை

நம் ஊரில் இரண்டு பேர் எதிர்ப்பட்டால் முகத்தைப் பார்த்துக்கொள்வதில்லை, நகத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். பத்து விரலையும் விரித்து நீட்ட வேண்டும். நகக்கண்ணில் மண் எவ்வளவு கெட்டியோ, மரியாதையும் அவ்வளவு கெட்டி. நாம் குட்டையான ஜனம். நம்மில் நெட்டையானவர்கூட முள்ளங்கி இலைக்கு அடியில் குனியாமல் நடந்து போவார். மண்புழு நமக்குத் தொடைப் பருமன். தோட்ட வேலையைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆகவே அழுக்குதான் நமக்கு உழைப்பின் அத்தாட்சி.

அதுவரை குற்றமில்லை. அத்தாட்சி கலைந்துவிடுமே என்று கையையே கழுவாமல் விட்டோம் பாருங்கள், அங்கேதான் குமட்டல் ஆரம்பம். எருக்குழி கிளறிய கை, நத்தைக் கோழை வழித்த கை, அப்படியே பந்திக்கு வரும். விருந்தாளியின் கிண்ணத்தில் பெருவிரலை முக்கி எடுப்பதுதான் நம் உபசாரம். மேலே மிதக்கும் கறுப்பைப் பார்த்து விருந்தாளி "அடடா" என்று சொல்ல வேண்டும். சொன்னவர்கள் பிறகு வேலியோரம் ஒதுங்கி என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

இதற்கெல்லாம் சிகரம் 'முதல் மண்'. பிள்ளை பிறந்ததும் மருத்துவச்சி தன் நகக்கண்ணிலிருந்து ஒரு துளி அழுக்கைக் கெல்லி எடுத்து அதன் நாக்கில் வைப்பாள். வைக்காவிட்டால் அந்தப் பிள்ளை விதைத்தது முளைக்காதாம்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு மருத்துவச்சி கையைக் கழுவினாள். ஊர் அவளுக்கு வைத்த பெயர் 'கழுவி'.

அவள் புருஷன் நத்தை பிடிக்கிறவன். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது தலை முதல் கால் வரை பிசுபிசுவென்று, தொட்டால் ஒட்டிக்கொள்ளும். கல்யாணமான முதல் வாரத்திலேயே பூசணி ஓட்டுத் தொட்டியில் சாம்பல் போட்டு வெந்நீர் காய்ச்சி, அவனைத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டிய பிறகுதான் பாயில் இடம் கொடுத்தாள். அவனைத் தேய்த்த கையும் தானாகச் சுத்தமானது. பழைய மருத்துவச்சிக்கு எடுபிடியாகப் போனபோது அந்தக் கையோடுதான் போனாள்.

பழையவளின் நகம் ஊர்ப் பெருமை. முப்பது வருஷத்து மண், ஓடு மாதிரி. அவள் தொட்ட தாய்களில் பலருக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் வரும், ஏழாம் நாள் தூக்கிப் போவார்கள். "அவ ஆயுசு அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அவரவர் பாத்திக்குத் திரும்புவார்கள். கடைசியில் அந்தப் பெருமைக்குரிய விரலே சீழ் பிடித்துப் பழையவள் படுத்துவிட, வேலை இவளுக்கு வந்தது. பதினாலு பிரசவம் பார்த்தாள். ஒருத்திக்கும் காய்ச்சல் இல்லை. ஊர் அதைக் கவனிக்கவில்லை. பதினாலு பிள்ளைக்கும் முதல் மண் வைக்கவில்லை என்பதை மட்டும் நன்றாகக் கவனித்தது.

தோட்டச் சபை கூடித் தீர்மானம் போட்டது: நகம் தேறாத மருத்துவச்சி வாசற்படி தாண்டக் கூடாது.

தீர்மானத்தின் ஈரம் காயவில்லை, சபைத் தலைவரின் மருமகளுக்கு வலி கண்டது. அவர் வீட்டில் இது இரண்டாவது மருமகள். மூத்த மருமகளைப் பழைய மருத்துவச்சியின் கை ஏழாம் நாளில் வழியனுப்பிவிட்டிருந்தது.

கழுவி கூப்பிடாமலே போனாள். கொதிக்கக் கொதிக்கச் சாம்பல் தண்ணீர், வெளுத்த துணி, கழுவிய கை. வாசலில் தலைவரின் மனைவி குறுக்கே நின்றாள்.

"கையைக் காட்டு."

காட்டினாள்.

"இது கையா, உரிச்ச பூண்டா? இதை வெச்சுக்கிட்டு எங்க வீட்டுக்குள்ள வரப் பாக்கறே?"

"அம்மா, உள்ள அவ கத்தறது கேக்குதா? அது வலிக்குக் கத்தற கத்தல் இல்ல. பிள்ளை கால் பக்கமா நிக்குது. கை விட்டுத் திருப்பணும்."

"தாராளமாத் திருப்பு. யாரு வேணாம்னா? பின்னால எருக்குழி இருக்கு. முழங்கை வரைக்கும் முக்கிட்டு வந்து திருப்பு."

"மூத்தவளுக்கு அப்படித்தான் திருப்பினாங்க. நான்தான் விளக்கு பிடிச்சேன்."

மாமியார் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். ஆனால் வழி விடவில்லை. மூத்தவள் செத்தது அவளுக்கு மறக்கவில்லை. கையைக் கழுவினவளை வீட்டுக்குள் விட்டால் நாளைக்குப் பந்தியில் யார் பக்கத்தில் உட்காருவார்கள் என்பதும் மறக்கவில்லை. உள்ளேயிருந்து, "அத்தே, அந்தக்காவை விடுங்க அத்தே" என்று குரல் வந்தது. மாமியார் காதில் விழாத மாதிரி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

தலைவர் கவிழ்த்த பூந்தொட்டி மேல் உட்கார்ந்திருந்தார். ஊரிலேயே கெட்டியான நகம் அவருடையது. கரேலென்று, பளபளவென்று, பத்து விரலிலும் ஒரே அளவு. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுவார்கள்.

"சட்டம்னா சட்டம்" என்றார்.

"சரிங்க ஐயா. அந்தச் சட்டத்துலயே இன்னொண்ணும் இருக்கு" என்றாள் கழுவி. "மருத்துவச்சி நகம் தேறலைன்னா, ஊர்ல யாரு நகம் கெட்டியோ அவங்க பிரசவம் பாக்கணும். எழுந்திருங்க. நான் பக்கத்துல நின்னு எப்படித் திருப்பறதுன்னு சொல்றேன்."

தலைவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள். வேலிக்கு வெளியே கூடியிருந்தவர்கள் தலைவரைப் பார்த்தார்கள். சட்டத்தில் அப்படி இருப்பது அவர்களுக்கும் தெரியும்.

எழுந்து வந்தார். பிரசவ அறை வாசலில் கால் பின்னிக்கொண்டது. ரத்த வாடை மூக்கில் ஏறியதும் முகம் வெளிறிவிட்டது. விழாமல் இருக்கப் பிடிமானம் தேடி, கழுவி கொண்டுவந்து வைத்திருந்த வெந்நீர்த் தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தார். ஆவி நேராக விரல்களில் அடித்தது. பத்து நகத்திலிருந்தும் கறுப்பு இளகி, எண்ணெய் எண்ணெயாகத் தொட்டியின் வெளிப்பக்கம் வழிந்தது. அடியில் இருந்தது பிறந்த பிள்ளையின் நகம் மாதிரி சுத்தமான ரோஸ் நகம்.

"நேத்துதானே புதுசா வெச்சுவிட்டேன். அதுக்குள்ளயா?" என்றாள் மனைவி. சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று புரிந்தது.

விளக்குக்கரியும் விளக்கெண்ணெயும் கலந்த மை. குழைத்து, ஈர்க்குச்சியால் நகக்கண்ணில் அடைத்து, துணியால் வழித்துவிட வேண்டும். மனிதர் மண்வெட்டியைத் தொட்டுப் பதினோரு வருஷம். தினமும் குளிக்கிறவர், இரண்டு தரம். சட்டம்னா சட்டம் என்று ஒரு நிமிஷம் முன்னால் தீர்மானமாகப் பேசிய வாய் இவருடையதுதான்.

கழுவிக்கு நாலு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. துப்பவில்லை. "கதவைச் சாத்துங்கம்மா" என்றாள். "ரெண்டு பேரும் வெளிய இருங்க. நான் ஒண்ணும் பாக்கல."

மாமியார் சாத்தினாள்.

பிள்ளை திரும்பியது. வெயில் சாய்வதற்குள் பிறந்தது, பெண். நாக்கில் ஒன்றும் வைக்கவில்லை. வேலிக்கு வெளியே நின்றவர்களிடம் மாமியார், "முதல் மண் ஆச்சு, தாத்தா நகத்து மண்ணு" என்று கூசாமல் சொன்னாள். எல்லாரும் "அடடா" என்றார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் வரவில்லை. ஏழாம் நாள் மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வந்து உட்கார்ந்தாள்.

இதோடு ஊர் திருந்தியிருக்கும் என்று நினைக்கிறீர்கள். நம் ஊரை நமக்குத் தெரியாதா? மை விஷயம் கசிந்துவிட்டது. யாருக்கும் கோபம் வரவில்லை. கொல்லைப் பக்கமாக ஒவ்வொருத்தியாக வந்து தலைவரின் மனைவியிடம் கிசுகிசுத்தாள்: "அக்கா, எங்க வீட்டுக்காரருக்கும் கொஞ்சம்." ஒரே மாதத்தில் பாதி ஊர் வீட்டுக்குள் நகத்தை வழித்துக் கழுவிவிட்டு, வெளியே போகும்போது மையை அடைத்துக்கொண்டது. இப்போது அழுக்கும் பொய், அழுக்குக்குள்ளே இருக்கிற சுத்தமும் பொய். விருந்தில் கிண்ணத்துக்குள் விரல் முக்குகிறார்கள், மேலே விளக்கெண்ணெய் மிதக்கிறது. இதற்கு அந்தப் பழைய மண்ணையே தின்றிருக்கலாம்.

கழுவிக்கு மட்டும் தீர்மானம் அப்படியே நின்றது. சபை மறுபடி கூடும் நாளில் கையைக் காட்டித் தேற வேண்டும், இல்லையென்றால் வேலை போகும். முந்தின நாள் தலைவரின் மனைவி சின்ன டப்பாவோடு அவள் வீட்டுக்கு வந்தாள்.

"நீட்டு. நான் வெச்சு விடறேன்."

"எனக்கு வேணாம்."

"கௌரவம் பாக்காதடி. பட்டாணிப் பாத்திக்காரன் பொண்டாட்டிக்கு இது மாசம். நீ போகலைன்னா யாரு போவா தெரியும்ல? பழையவளோட தங்கச்சி. அவ நிஜ மண்ணுக்காரி. மை எல்லாம் அவளுக்கு அவமானம்."

நத்தைக்காரன் மூலையிலிருந்து, "அவங்க சொல்றது சரிதானே" என்றான். கழுவி அவனைப் பார்த்த பார்வையில் நத்தைக் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

கழுவி டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தாள். பிறகு கையை நீட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஈர்க்குச்சி பத்து நகத்துக்கும் போய் வந்தது.

சபையில் தலைவர் அந்தக் கையைத் தூக்கிப் பிடித்து, "பாருங்க, உழைக்கிற கை" என்றார். எல்லாரும் பார்த்தார்கள். எல்லாருக்கும் தெரியும். ஒருத்தர் பாக்கியில்லாமல் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சாம்பல் தண்ணீர் வைத்தாள். தேய்த்தாள். நாலாவது தண்ணீரும் கறுப்பாகத்தான் வந்தது. ஐந்தாவதைக் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது பட்டாணிப் பாத்திக்காரன் மூச்சிரைக்க ஓடிவந்து வாசலில் நின்றான். வழக்கப்படி நகத்தைக் காட்டப் போனவனைத் தடுத்து, "அதெல்லாம் இருக்கட்டும். நீ முன்னால போய்த் தண்ணி கொதிக்க வை" என்றாள்.