ரோடு நல்லாத்தானே இருக்கு?

எங்கள் எம்.பி. போன மாதம் பாராளுமன்றத்தில் எங்களைப் பற்றிப் பேசினார்.

எம்.பி. பேசுவது ஓர் அதிசயமா என்று கேட்பீர்கள். கல்யாண வீட்டில் பேசுவார்கள். கோயில் திருவிழாவில் பேசுவார்கள். மைக் கிடைத்தால் சாவு வீட்டிலும் பேசுவார்கள். பேச வேண்டிய இடத்தில், பேச வேண்டியதைப் பேசினால்... அது அதிசயம்தானே?

விஷயம் மேல் டிவிஷன் ரோடு. மாத்தளை டவுனுக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கிற தேயிலைத் தோட்டத்தின் மேல் பகுதி அது. மெயின் ரோட்டிலிருந்து தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கு ஏறும் அந்தப் பாதையை 'ரோடு' என்று சொல்வதே ஒரு மரியாதைக்காகத்தான். ஆட்டோக்காரர்கள் பாதி வழியில் இறக்கிவிட்டு, "இதுக்கு மேல வண்டி வராதுங்க" என்று திரும்பிவிடுவார்கள்.

என் கணவரின் அக்கா, புஷ்பம் மதினி, அங்கேதான் இருக்கிறார். இந்தப் பத்தியை வாரா வாரம் படிப்பவர்களுக்கு அவரைத் தெரியும். எனக்கு ரசம் வைக்கத் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிபவர். அவருடைய மருமகள் கவிதா அப்போது நிறைமாதக் கர்ப்பிணி.

கவிதாவுக்கு இது இரண்டாவது. முதல் தடவை வலி வந்தபோது கொட்டுகிற மழை. கம்பளியில் கட்டி, கம்பில் தொங்கவிட்டுத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தாயை மட்டும்தான் ஆஸ்பத்திரியால் காப்பாற்ற முடிந்தது.

எம்.பி. பேசிய அன்று கோயில் மண்டபத்தில் டிவி வைத்து எல்லோரும் பார்த்தோம். "கௌரவ சபாநாயகர் அவர்களே, பிள்ளைத்தாய்ச்சியைக் கம்பளியில் கட்டித் தூக்கி வருகிற தோட்டம் இன்னும் இந்த நாட்டில் இருக்கிறது" என்று அவர் ஆரம்பித்ததும் கவிதா மெல்ல எழுந்து வெளியே போனாள். மதினியும் பின்னாலேயே போனார்.

எம்.பி.க்குச் சூடு பிடித்தபோது நேரம் முடிந்ததாக அறிவித்தார்கள். "சேர், இன்னும் ஒரு நிமிஷம்..." என்றார். மைக்கை நிறுத்திவிட்டார்கள். வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"மைக்கப் போடுங்கய்யா!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினார் தோட்டத் தலைவர் முனியாண்டி. பிறகு அந்த வாயசைவுக்கு அவரே விளக்கமும் சொன்னார். அவர் சொன்னதைப் பார்த்தால், எம்.பி. எங்களுக்கு ரோடு மட்டுமல்ல, ஆஸ்பத்திரி, விளையாட்டு மைதானம் எல்லாம் கேட்டிருக்கிறார்!

அமைச்சர் ஒரே வரியில் பதில் சொன்னார். ரோடு உண்மையிலேயே அவ்வளவு மோசமா என்று சனிக்கிழமை ஓர் எஞ்ஜினியரை அனுப்பிப் பார்ப்பாராம். மோசம் என்றால் கொங்கிரீட் போடுவாராம். எம்.பி.யும் கூட வருகிறாராம்.

எம்.பி. வருகிறார்! அவ்வளவுதான், தலைவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"நமக்காக மல்லுக்கட்டுன மனுசன். அவரு வண்டி குழியில விழுந்து எந்திரிச்சா வரணும்? நம்ம மானம் என்னாகுறது?"

உடனே சிரமதானம். வெள்ளிக்கிழமை டிவிஷனே மண்வெட்டியோடு இறங்கிவிட்டது. ஆண்கள் மண் வெட்டினார்கள், பெண்கள் கல் சுமந்தார்கள். குழிகளையெல்லாம் நிரப்பி, மேலே மண் பரப்பி, தண்ணீர் தெளித்து மிதித்து... வாழைமரமும் தோரணமும் வேறு கட்டினார்கள். டவுனிலிருந்து போன நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு கூடை கல் சுமந்தேன்.

என்ன காரியம் செய்கிறோம் என்று ஒருவருக்காவது உறைத்ததா? ம்ஹூம். பத்தி எழுதுகிற புத்திசாலிக்கும் உறைக்கவில்லை. தோட்டத்து மேனேஜர் துரை வருகிறார் என்றால் லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்த பரம்பரை இல்லையா நாம்? பெரிய மனிதர் வந்தால் கஷ்டத்தை மறைத்து வைத்து, பூமாலையை மட்டும் எடுத்து நீட்டுவோம். அது நமக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம்.

சனிக்கிழமை காலை எம்.பி.யின் ஜீப் வழுக்கிக்கொண்டு மேலே வந்தது. குலுக்கல் இல்லை, ஆட்டம் இல்லை. பட்டாசு, மாலை, பொன்னாடை. பின் சீட்டிலிருந்து இறங்கிய எஞ்ஜினியர் திரும்பிப் பாதையைப் பார்த்தார்.

"பார ஹொந்தய்னே!" என்றார் சிங்களத்தில். ரோடு நல்லாத்தானே இருக்கு!

எம்.பி.யின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கழுத்தில் மாலை, முகத்தில் ஈயாடவில்லை.

"தலைவரே... நான் சபையில சொன்னது இந்த ரோடுதானுங்களா?"

"இதேதாங்கய்யா! நீங்க வர்றீங்கன்னு நேத்து பூரா நின்னு நாங்களே போட்டோம்ல!" தலைவருக்குப் பெருமை தாங்கவில்லை.

எம்.பி. கண்ணை மூடிக்கொண்டார். எஞ்ஜினியர் கெட்டவர் இல்லை. "நான் கண்ணால பார்க்கிறதைத்தானே ரிப்போர்ட்ல எழுதலாம்?" என்று சிங்களத்தில் தன்மையாகவே சொன்னார். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற கவிதா வயிற்றில் கை வைத்தபடி அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டாள். ஐயோ, இந்தக் கையால்தானே கல் சுமந்தேன் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எஞ்ஜினியர் புறப்படப் பார்த்தார். அப்போது புஷ்பம் மதினி ஜீப்பின் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"சாப்பிடாமப் போனா எப்படிங்க? சமைச்சு வச்சிருக்கோம்."

எங்கள் ஊரில் சாப்பிடாமல் தப்பித்துப் போன விருந்தாளி இதுவரை இல்லை. சோறு, கோழிக்கறி, பருப்பு, அப்பளம், பாயசம். எஞ்ஜினியர் போதும் போதும் என்று இலைக்கு மேல் கையை விரிக்க, மதினி அந்த விரலிடுக்கு வழியாகவே சோறு போட்டார். நடுநடுவே வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டார். இந்த மாதத்தில் எங்கள் பக்கம் பின்னேரமானால் மழைதான். அவர் எதற்குப் பாயசத்தை இரண்டாம் தடவை கொண்டுவந்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வந்ததே மழை! கூரைத் தகரம் கிழிகிற மாதிரி ஒரு மழை.

மழை விட்டதும் ஜீப் புறப்பட்டது. முதல் வளைவு தாண்டவில்லை. நாங்கள் பாசத்தோடு பரப்பிய புது மண்ணெல்லாம் களியாகி, சக்கரம் பாதி வரை உள்ளே இறங்கிவிட்டது. "தள்ளுங்கடா, தள்ளுங்க!" என்று தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

"யாரும் கை வைக்காதீங்க!" மதினி போட்ட சத்தத்தில் தலைவர் அப்படியே நின்றார். "கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும். ஐயாமாரு நல்லாப் பாக்கட்டும்."

பார்த்தார்கள். இறங்கி நடந்தும் பார்த்தார்கள். எஞ்ஜினியர் காற்சட்டையைச் சுருட்டி, சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மெயின் ரோடு வரை வழுக்கி வழுக்கி இறங்கினார். பல்லேகம பக்கம் அவருடைய ஊராம். அங்கேயும் மழை பெய்தால் இதே கதைதானாம். அது வரைக்கும் ஆபீசராக இருந்தவர், அந்தச் சேற்றில் எங்கள் ஆளாகிவிட்டார்.

பொன்னாடை முழுக்கச் சேறோடு எம்.பி. மதினியிடம் சொன்னார்: "அன்னிக்கு என்னோட மைக்க நிறுத்திட்டாங்க அக்கா. மிச்சத்த உங்க மழை பேசி முடிச்சிருச்சு."

அடுத்த வாரமே வந்து ரோட்டை அளந்தார்கள். அளப்பது என்பது இந்த நாட்டில் பாதி வேலை. மீதிப் பாதியைப் பார்க்கத்தான் ஆயுசு வேண்டும் என்று நான் நக்கலாக எழுதி வைத்திருந்தேன். அதை அடிக்க வேண்டியதாகிவிட்டது. நேற்று கல்லும் மணலும் ஏற்றிய லொறி அடிவாரத்துக்கு வந்துவிட்டது!

கவிதாவை அந்தச் சனிக்கிழமையே எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். இன்னொரு தடவை அந்தப் பாதையை நம்ப யாருக்கும் தைரியமில்லை. ஆஸ்பத்திரி பக்கத்தில்தான். பெண் குழந்தை. நல்ல குரல். அவள் அழ ஆரம்பித்தால் எந்தச் சபாநாயகராலும் நிறுத்த முடியாது.

தாயும் பிள்ளையும் லயத்துக்குத் திரும்புகிற அன்று எம்.பி.யும் வருகிறாராம். நேற்று அவரே எனக்குப் போனில் சொன்னார். மதினியிடம் சொன்னேன். அவர் சொன்ன பதில் இது:

"தாராளமா வரட்டும். சோறு உண்டு, மாலை உண்டு. கொங்கிரீட் காயிற வரைக்கும் ரோட்ட மட்டும் தொடமாட்டோம்!"