குடோன் ஷட்டரில் மூன்று ஃப்ரேம்

"தம்பி, உடனே கடைக்கு வா. அந்த கேமராவுல ஒருத்தன் மாட்டிக்கினு கீறான்" என்று ஹாஜா பாய் போனில் சொன்னார்.

மேற்குத் தாம்பரத்தில் அவருக்கு வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் கடை. கடையிலும் பின்னால் இருந்த குடோனிலும் நான் கேமரா மாட்டிக் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி அது. எங்கள் பக்கத்தில் கேமரா வைத்த கடைகள் குறைவு. நான் வேலை செய்த கம்பெனியை விட்டுத் தனியாகத் தொழில் ஆரம்பித்து எடுத்த முதல் பெரிய வேலை. பொழிச்சலூரிலிருந்து வண்டியில் போகும்போது, கேமரா நன்றாக வேலை செய்கிறது என்ற சந்தோஷம்தான் எனக்கு இருந்தது.

கடைக்குள் நுழைந்ததும் தாஸைப் பார்த்தேன். குடோனில் பெட்டி ஏற்றி இறக்கும் ஆள், முப்பது வயது இருக்கும். பில் கவுண்டர் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்து எழுந்து, மறுபடி உட்கார்ந்துகொண்டான்.

விஷயம் இதுதான். முந்தைய நாள் வந்த சரக்கில் ஒரு டிவிடி பிளேயர் பெட்டியைக் காணவில்லை. பாய் ரெக்கார்டிங்கை ஓட்டிப் பார்த்திருக்கிறார். அன்றைக்கு மத்தியானம் தாஸ் ஒரு பெட்டியோடு குடோன் ஷட்டரில் தெரிகிறான்.

"எடுத்துக்கினு வெளிய போறான் பாரு" என்று பாய் மானிட்டரில் விரல் வைத்தார்.

பார்த்தேன். வெளியேதான் போனான். முதுகு தெரிந்தது. "ஆமா பாய்" என்றேன்.

"சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போறேன். இத சிடில போட்டுக் குடு. நீயும் கூட வா. மாட்டுனவன் நீதானே, அவங்க கேட்டா சொல்லணும்."

தாஸ் அங்கிருந்தே சொன்னான்: "அண்ணா, நான் எட்த்துகினு போலண்ணா. ஆட்டோல இருந்து கடைசி பெட்டிய உள்ள எட்த்தாந்தேன். ரேக்குல வெச்சேன்."

நான் சிடி எழுத உட்கார்ந்தேன்.

மகேஸ்வரி பார்த்தது

சிடி எழுதிக்கொண்டிருக்கும்போது தாஸின் மனைவி மகேஸ்வரி வந்தாள். இரும்புலியூரில் வீடு. கோவளம் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவள், தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்றுவந்தாள். யாரோ சொல்லி, வியாபாரத்தை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தாள். அழவில்லை. "அந்தப் படத்த எனக்குக் காட்டுங்க" என்றாள்.

பாய் தலையசைத்தார். ஓட்டினேன்.

"உள்ளதான வர்றாரு?" என்றாள். "இன்னா சார் சொல்றீங்க நீங்க? நெஞ்சுல பெட்டிய அணைச்சுக்கினு நேரா வர்றாரே."

புருஷனுக்காகப் பேசுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் கேட்டதற்காக இன்னொரு தடவை ஓட்டினேன். அப்போது அந்த உருவம் திரும்பிக்கொண்டது. முதுகு இருந்த இடத்தில் நெஞ்சு தெரிந்தது. பெட்டியோடு தாஸ் உள்ளே வந்தான்.

மறுபடி ஓட்டினேன். உள்ளே வந்தான். கண்ணைக் கசக்கிவிட்டு ஓட்டினேன். வெளியே போனான். அதற்கப்புறம் நான் எதை நினைத்துக்கொண்டு பார்த்தேனோ அதுவே நடந்தது.

காரணத்தைச் சொல்கிறேன், இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு உதவும். குடோனின் ஒரு கோடியில் கேமரா, மறுகோடியில் ஷட்டர். மத்தியான வெயில் ஷட்டருக்கு வெளியே வெள்ளையாக எரிகிறது. அதற்கு முன்னால் நிற்கிறவன் வெறும் கறுப்பு நிழல்தான். முகமும் தெரியாது, சட்டைப் பட்டனும் தெரியாது. இடுப்புக்குக் கீழே பெட்டி அடுக்கு மறைக்கிறது, கால் எந்தப் பக்கம் வைக்கிறது என்று தெரியாது. உள்ளே வருகிறவனும் ரேக்குக்குப் போகப் படத்தில் இடதுபக்கம் ஒதுங்குவான், வெளியே போகிறவனும் ஷட்டருக்கு வெளியே இருக்கும் சந்தில் படத்தின் அதே பக்கம்தான் திரும்புவான். ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் நிரம்பாமல் இருக்க ஃப்ரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பதை, குறைத்து வைத்திருந்தேன். அதனால் தாஸ் தெரிந்தது மொத்தம் மூன்று படத்தில். படத்துக்கும் படத்துக்கும் நடுவில் நடந்தது எதுவும் ரெக்கார்டில் இல்லை. அதை நிரப்பியது எங்கள் மூளை. முன்பக்கமா பின்பக்கமா என்று தெரியாத நிழலைப் பார்த்தால், மூளை 'தெரியவில்லை' என்று விட்டுவிடாது. ஏதோ ஒன்றைத் தானே முடிவு செய்து, அதை நேரில் பார்த்ததுபோலக் காட்டிவிடும்.

அன்றைக்கு இதையெல்லாம் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது. எழுதி முடிந்த சிடி கையில் இருந்தது. ஸ்டேஷனில் கேட்டால் என்ன சொல்வேன் என்பது மட்டும்தான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

பில் போடும் ரேவதியைக் கூப்பிட்டேன். அவள் இன்னும் படத்தைப் பார்க்கவில்லை. "தாஸ் பெட்டிய உள்ள கொண்டு வர்றான், டைம் என்னன்னு பாரும்மா" என்றேன். பார்த்துச் சொன்னாள். "உள்ளதான் வர்றானா?" என்று கேட்டேன். "ஆமா சார், கிளியரா தெரியுதே" என்றாள். பாய் அவளை முறைத்தார்.

"பாய், நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பொறுங்க" என்றேன்.

"இன்னா தம்பி பேஜார் பண்றே? காலைல ஆமான்னு சொன்னியே."

"இப்பவும் அப்படித் தெரியுது பாய். வேற மாதிரியும் தெரியுது."

சிடியை நான் கொடுக்கவில்லை. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து தொழுகைக்குப் போனார்.

மறுநாள் மத்தியானம்

இரவு தூக்கமே வரவில்லை. தாஸ் உண்மையிலேயே எடுத்திருந்தால், ஒரு திருடனுக்காக நான் வாதாடுகிறேன். எடுக்காமல் இருந்தால், என் கேமரா ஒருவனை ஜெயிலுக்கு அனுப்பப் பார்க்கிறது. இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியே இல்லை.

மறுநாள் அதே வெயில் நேரத்தில் தாஸை ஒரு பெட்டியோடு ஷட்டரில் நடக்கச் சொன்னேன். ஒருமுறை உள்ளே, ஒருமுறை வெளியே. எது முதலில் என்று தெரியாமல் இருக்க பாயை முன்கடையில் உட்கார வைத்திருந்தோம்; ரேவதி குடோனில் நின்று பார்த்தாள். பிறகு இரண்டையும் அவருக்கு ஓட்டிக் காட்டினேன்.

"முதல்ல வெளிய போறான். அப்புறம் உள்ள வர்றான்" என்றார், யோசிக்காமல்.

"மாத்தி சொல்றீங்க பாய். முதல்ல உள்ளதான் வந்தான்."

அவர் நம்பவில்லை. ரேவதியிடம் கேட்டார், தாஸிடம் கேட்டார். மறுபடி ஓட்டச் சொன்னார். நாலைந்து தடவைக்கு அப்புறம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அப்ப இவன் எடுக்கலன்னு சொல்றியா?"

"அதையும் சொல்ல முடியாது பாய். இந்தப் படத்த வெச்சு ரெண்டுமே சொல்ல முடியாது."

"அப்புறம் எதுக்குய்யா இத மாட்டுன?"

வேலை கையை விட்டுப் போயிற்று என்றுதான் நினைத்தேன். பாய் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு தாஸைப் பார்த்து, "போ, போய் சரக்க இறக்கு" என்றார். அவ்வளவுதான். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஸ்டேஷனுக்கும் போகவில்லை. அந்தப் பெட்டி கடைசிவரை கிடைக்கவே இல்லை. சரக்கு அனுப்பிய இடத்திலேயே குறைந்திருக்கலாம், சந்தில் யாராவது தூக்கியிருக்கலாம்.

அந்த வாரமே ஷட்டருக்கு வெளியே, சந்தைப் பார்த்து இன்னொரு கேமரா மாட்டினேன். ஃப்ரேம் ரேட்டையும் கூட்டினேன். எனக்கு ஏணி பிடித்தவன் தாஸ்தான்.

"இதுல என் மூஞ்சி தெரியுமாண்ணா?"

"தெரியும்."

"நல்லாத் தெரியிற மாதிரி வைங்க" என்றான்.

சர்வீஸுக்குப் போகும்போதெல்லாம் பிளேபேக் ஓட்டிப் பார்ப்பேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாஸ் வரும் ஒவ்வொரு முறையும், ஷட்டருக்கு முன்னால் நின்று, தலையை நிமிர்த்திக் கேமராவைப் பார்ப்பான். பிறகுதான் உள்ளே போவான். வெளியே வந்ததும் திரும்பி நின்று இன்னொரு முறை பார்ப்பான். யாரும் அவனை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சில மாதத்தில் அவன் வேலையை விட்டுவிட்டு, மனைவி வீட்டாரோடு படகு வேலைக்குப் போய்விட்டான்.

வாசல் வெளிச்சத்துக்கு எதிராகக் கேமராவை வைக்காதீர்கள் என்று எல்லா இன்ஸ்டாலரும் சொல்வார்கள். அதைவிட முக்கியமான ஒன்றை நான் அந்தக் கடையில் கற்றேன். கிளிப்பை யாருக்குக் காட்டினாலும், ஓட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். கடைக்காரர் விளக்க ஆரம்பித்தால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். பார்க்கிறவர் தானாக என்ன பார்த்தார் என்று முதலில் கேளுங்கள். அன்றைக்குக் காலையில் ஹாஜா பாய் பேசாமல் விரலை மட்டும் வைத்திருந்தால், நான் எதைப் பார்த்திருப்பேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.