பெல்ட் மெஷினும் உள்தாழ்ப்பாளும்

என் மகள் பிலாட்டிஸ் என்ற உடற்பயிற்சி பழகப் போகிறாளாம். வீட்டிலேயே செய்ய, கையைக் கடிக்காத விலையில் என்னென்ன வாங்கலாம் என்று போன வாரம் கைப்பேசியில் படம் படமாகக் காட்டினாள். தரையில் விரிக்க ஒரு பாய், காலில் மாட்டி இழுக்க ரப்பர் பட்டை, முட்டிகளுக்கு நடுவில் வைத்து அழுத்த ஒரு பந்து. "இதுல எதும்மா மொதல்ல வாங்கறது?" என்றாள். சாதாரணக் கேள்விதான். ஆனாலும் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது, அவள்மேல் இல்லை. அந்தப் படங்களில் இருந்த சாமான் எல்லாமே என்னிடம் இருந்தது. அந்தப் பெயர் என் காதில் விழுவதற்கு வெகுகாலம் முன்பே, ஓசூரில் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒரு லைன் வீட்டில் இருந்தது. அவற்றை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு அப்படியே கண்முன் வந்து நின்றது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஓசூருக்கு வந்த நான், தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். சுவிட்ச் பெட்டிகளுக்குள் ஸ்க்ரூ முடுக்கும் வேலை. உட்கார இரும்பு ஸ்டூல், முதுகு சாய ஒன்றும் கிடையாது. ஷிஃப்ட் முழுக்கக் குனிந்த தலை நிமிராது. எங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த சூப்பர்வைசருக்கு மட்டும் சாய்வு வைத்த நாற்காலி. குனிகிறவளுக்கு ஸ்டூல், குனியாதவருக்கு நாற்காலி. இதை யார் யோசித்துக் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் இடுப்பு நன்றாக இருக்கட்டும்.

ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்த மணி அடித்தபோது என்னால் ஸ்டூலை விட்டு எழ முடியவில்லை. பக்கத்து வரிசைப் பெண்கள் இருவர் தூக்கி நிறுத்தினார்கள். லீவு போட்டேன். இடுப்பு வலி குறைந்தது. வேலைக்குப் போனேன். திரும்ப வந்தது, திரும்ப லீவு போட்டேன். சூப்பர்வைசர் கூப்பிட்டு, "இன்னொரு வாட்டி லீவு போட்டேன்னா அந்த ஸ்டூல்ல வேற ஆளு ஒக்காந்துடும்மா. கேட்டுக்கு வெளிய பாத்தியா, எத்தன பேரு நிக்கறாங்க?" என்றார். பார்த்திருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் அங்கே நின்றவள்தானே. அந்த ஸ்டூலை எவ்வளவு திட்டினாலும் அதை விட மனமில்லை. வீட்டில் யாரையும் கேட்காமல் பிள்ளைக்கு ஒரு சட்டை எடுக்க முடிந்தது அதனால்தான்.

என் வீட்டுக்காரர் பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அதை மறைக்கக் கூடாது, அவரேதான் அழைத்துப் போனார். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மாத்திரையைவிட உடற்பயிற்சிதான் முக்கியம் என்று பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே ஸ்பிரிங்குகள் தொங்கும் இரும்புக் கட்டில் ஒன்று இருந்தது. பயிற்சி சொல்லிக்கொடுத்த மேடம் கன்னடக்காரர், தமிழை யோசித்து யோசித்துப் பேசினார். மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, வயிற்றை உள்ளே இழுத்து, மூச்சை வாயால் மெதுவாக விட்டுக்கொண்டே இடுப்பைத் தூக்க வேண்டும். அப்புறம் காலைப் பட்டையில் மாட்டி இழுக்க வேண்டும். "இந்தக் கட்டில் எல்லாம் வாங்கணுமா மேடம்?" என்று பயந்துகொண்டே கேட்டேன். சிரித்துவிட்டார்.

"வேண்டாம், வேண்டாம். வீட்ல தரை இருக்குது அல்லவா? அது போதும். தெனமும் பண்ணணும். விட்டா நோவு திரும்பி வரும். குலுக்கறது மட்டும் கூடாது."

தரை போதும் என்று அவர் சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். இல்லாதவர்களுக்கும் இருப்பது தரைதானே என்று நினைத்தேன்.

சாமான் சேர்த்தேன். கோரைப்பாய் சிமெண்டுத் தரையில் வழுக்கியது. இடுப்பைத் தூக்கினால் பாயோடு நானும் சுவர்வரை போனேன். சாக்கு முதுகை அரித்தது. பார்சல் சுற்றி வரும் ஸ்பாஞ்சுத் தாள் நசுங்கி அப்பளமானது. கடைசியில் கல்யாணச் சீராக வந்த ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரித்தேன், அசையவில்லை. பட்டைக்கு பஞ்சர் கடையில் பழைய ட்யூப் கேட்டேன். ஸ்கூட்டர் ட்யூப் முரட்டுத்தனம் பண்ணியது. சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் வெட்டி, சோப்புப் போட்டு அலசி, ஜன்னல் கம்பியில் கட்டினேன், கச்சிதமாக இருந்தது. பந்து மகளுடையது. காற்றுப் போய்த் தொளதொளவென்று கிடந்தது. அவளுக்கு உதவாதது எனக்கு உதவியது.

முன்னறையில் கட்டிலுக்கும் டிவிக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கிற இடம் இருந்தது. சில நாள்தான் படுத்தேன். அதற்குள் அந்த மெஷின் வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் பெரிய தொழிற்சாலையில் ஆபரேட்டர். அவருக்கு மெஷின் என்றால் உயிர். பெங்களூர்ப் பொருட்காட்சியில் பார்த்துத் தவணையில் எடுத்து, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். நிற்க ஒரு பலகை, எதிரே ஒரு தூண், தூணின் உச்சியில் மோட்டார், அதிலிருந்து அகலமான பெல்ட். பெல்ட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டால் சதை எல்லாம் தடதடவென்று ஆடும்.

"மேடம் குலுக்கக் கூடாதுன்னு சொன்னாங்களே, நீங்களும்தான கேட்டீங்க?" என்றேன்.

"தரையில உருண்டா வலி போயிடுமா? மெஷின்னா மெஷின்தான். எவ்ளோ ஆசையா வாங்கியாந்தேன், நீ என்னான்னா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருக்கற."

அதை எங்கே வைத்தார் தெரியுமா? கட்டிலுக்கும் டிவிக்கும் நடுவில். நான் படுக்கிற அதே இடத்தில்.

லைன் முழுக்க அதைப் பார்க்க வந்தது. அவருடைய ஃபேக்டரி ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து ஆளுக்கொரு தடவை இடுப்பில் மாட்டி ஆடிச் சிரித்தார்கள். டீ போட்டது நான். ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் ஆணி பிடுங்குகிற இடுக்கிக்குக்கூட அன்று பொட்டு உண்டு. இந்த மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. அடிப்பலகைக்குப் பொட்டு வைக்கக் குனிந்தவள் நான். குனிந்த இடத்திலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. என் இடுப்புக்காக வாங்கிய மெஷினுக்குப் பொட்டு வைத்து என் இடுப்பு போனது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜமுக்காளத்தை உள்ளறைக்குக் கொண்டுபோனேன். அங்கே அரிசி டிரம், டிரங்குப் பெட்டி, துணிக்கொடி. டிரம்மை ஓரமாக நகர்த்தினால் காலை நீட்டலாம். கதவு இருந்தது, உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. வீட்டுச் சொந்தக்காரர் போடவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. லைன் வீட்டில் பகலில் கதவு சாத்துகிற வழக்கமே கிடையாது.

நான் படுத்து இடுப்பைத் தூக்கும்போதுதான் எல்லோருக்கும் உள்ளே வேலை வரும். அரிசி அளக்க மாமியார், சட்டை எடுக்க அவர், மாமியாரைத் தேடிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரி. காலைத் தூக்கிய நிலையில் என்னைப் பார்த்துவிட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். அடுத்த நாள் தண்ணீர்க் குழாயில் அதுதான் பேச்சு.

மாமியார் பாகலூர்க்காரர். காலமெல்லாம் வயல்வேலை செய்தவர். கோபம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுவார். "சிக்கு லேதா?" என்றார். வெட்கமில்லையா என்று அர்த்தம். பிறகு எனக்கு நன்றாக உறைக்கட்டும் என்று தமிழுக்கு வந்தார்.

"பட்டப்பகல்ல மல்லாந்து படுத்துக்கினு, பாம்பு மாதிரி ஸ்ஸுன்னு சீறிக்கினு... குடும்பம் நடத்தற பொம்பள பண்ற வேலையா இது? நானும்தான் வயல்ல குனிஞ்சேன். ஒருநாளு பகல்ல முதுகத் தரையில வெச்சிருப்பனா?"

எனக்கு வலி இருந்ததை அந்த வீட்டில் யாரும் மறுக்கவில்லை. தைலம் தேய்த்தார்கள், ஆஸ்பத்திரி கூட்டிப்போனார்கள், மெஷின்கூட வாங்கினார்கள். நான் படுப்பதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அவசரமாக எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டேன். பயிற்சி விட்டுப்போனது. மேடம் சொன்னபடியே வலி திரும்பி வந்தது.

ஒரு நாள் காலையில் குழாயடியில் குடத்தைத் தூக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. அவர் ஓடிவந்து கைத்தாங்கலாக உள்ளே கூட்டிவந்தார். நேராக மெஷினுக்கு. பெல்ட்டை எடுத்து என் இடுப்பில் சுற்றப் பார்த்தார்.

"என் இடுப்பு என்ன உங்க ஃபேக்டரி மோட்டாரா? தொட்டீங்கன்னா இதத் தூக்கித் தெருவுல போட்டுடுவேன்!"

லைன் முழுக்கக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். அன்றைக்கு அந்த வலியோடு வேலைக்கும் போனேன், ஸ்டூலை விடக் கூடாதே. திரும்பும்போது பஜாரில் இரும்புக் கடையில் நின்று ஒரு தாழ்ப்பாள் வாங்கினேன். நான் சேர்த்த சாமான்களிலேயே சின்னது அதுதான், உள்ளங்கையில் அடங்கியது.

அவருடைய டூல்ஸ் பெட்டியில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. ஊரான் சுவிட்சுகளுக்கெல்லாம் ஸ்க்ரூ முடுக்கிய கை இது. என் கதவுக்கு முடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? போட்டேன். ஜமுக்காளம் விரித்தேன். படுத்தேன்.

வெளியே முதலில் மாமியார் தள்ளிப் பார்த்தார். "யாருக்குப் பயந்துக்கினு பூட்டற? அரிசி எடுக்கணும், தொற." அடுத்து அவர் வந்தார். "என் வூட்டுல எனக்கே கதவ சாத்தறியா?" என்று படபடவென்று தட்டினார். புதுத் தாழ்ப்பாள் அதிர்ந்தது. ஆனாலும் மூச்சை விட்டுக்கொண்டே இடுப்பைத் தூக்கினேன், மெதுவாக இறக்கினேன், திரும்பத் தூக்கினேன். எல்லாம் முடித்து, ஜமுக்காளத்தை மடித்து வைத்துவிட்டுத்தான் திறந்தேன்.

"அரிசி எடுத்துக்குங்க அத்த" என்றேன்.

அவர் பல நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமியார் நான் உள்ளே போவதற்கு முன்பே அரிசியை அளந்து வெளியே வைத்துவிட்டு, எனக்குக் கேட்கும்படி முணுமுணுப்பார். நான் தினமும் தாழ்ப்பாள் போட்டேன். மெல்ல மெல்ல முதுகு எனக்கு அடங்கியது. ஸ்டூல் என்னிடமே இருந்தது. மெஷின்மேல் ஈரத்துண்டு காய்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவருக்கு அன்று இரண்டாவது ஷிஃப்ட். யூனிஃபார்ம் சட்டை உள்ளறையில் கொடியில் தொங்கியது. எடுக்கப் போனேன். கதவு திறக்கவில்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என் தாழ்ப்பாளை எவர் போட்டது? தட்டக் கையை ஓங்கிவிட்டேன். அப்போது உள்ளேயிருந்து சத்தம் வந்தது. ஸ்ஸ்ஸ்... வாயால் மூச்சை விடுகிற சத்தம். கொஞ்சம் இடைவெளி. திரும்பவும் ஸ்ஸ்ஸ். நடுவில் ஒரு முனகல்.

சுவரைப் பிடித்துக்கொண்டுதான் மாமியார் தினமும் எழுவார். நான் பார்க்காததில்லை. வயதானால் அப்படித்தான் என்று யாரும் அவரை எந்த ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போகவில்லை. இத்தனை நாள் இந்தக் கதவுக்கு வெளியே நின்று முணுமுணுத்தபடி என் மூச்சைக் கேட்டுப் பாடம் படித்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்டால் சொல்லியிருக்க மாட்டேனா? கேட்காமல் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறாரே என்று எரிந்தது. ஒரு பெண்பிள்ளை பகலில் முதுகைத் தரையில் வைக்க இந்த வயதுவரை ஒரு தாழ்ப்பாளுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்றே என்று அதைவிட அதிகமாக எரிந்தது.

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. என் வீட்டுக்காரர் பனியனோடு ஓடிவந்தார். "சட்ட எங்க? பஸ்ஸு வந்துடுச்சி" என்று கதவைத் தட்டப் போனார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தட்டாதீங்க."

"ஏன்? நீ இங்க நிக்கற, உள்ள யாரு?"

"உங்கம்மா."

பஸ் திரும்பவும் ஹாரன் அடித்தது. நான் அவர் கையை விடவில்லை.