பெட்டியில் மிச்சமிருந்த ஒரு வரி

ராணுவ மருத்துவமனையில் நர்சிங் அதிகாரியாக இருப்பவளுக்கு லீவு என்றால், வேலையை வேறு ஊரில் உட்கார்ந்து பார்ப்பது என்று அர்த்தம். இந்தத் தடவை சங்கரன்கோவிலுக்கு வந்து பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, அலுவலகத்திலிருந்து போன் வந்துவிட்டது. எனக்குக் கீழே உள்ள ஆறு பேரின் வருடாந்திர அறிக்கை இன்னும் வரவில்லையாம். லீவு முடிவதற்குள் வாசகத்தைத் தயார் செய்துகொண்டு வந்தால் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிடலாமாம்.

அந்த அறிக்கையில் ஆளுக்கு ஒரு பெட்டி இருக்கும். ஒருத்தி வருஷம் முழுக்க என்ன செய்தாள், எப்படிப்பட்டவள் என்பதை அந்தப் பெட்டிக்குள் இங்கிலீஷில் எழுத வேண்டும். ஐந்து வரிக்கு மேல் கொள்ளாது. அந்த ஐந்து வரிக்கு எங்களிடம் தனி பாஷை ஒன்று உண்டு. 'மிகச் சிறந்தவர்' என்று எழுதினால் பரவாயில்லை ரகம். 'நல்லவர்' என்று எழுதினால் ஆள் தேறாது. குறை என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் அதோடு கதை முடிந்தது. இருபது வருஷமாக இந்தப் பாஷையில் புளுகிப் புளுகி எனக்கு அலுத்துவிட்டது.

அடுத்த தெருவில் தறிச் சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. லேப்டாப்பைத் திறந்து வைத்து வெறும் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பள்ளிக்கூடத்தில் வாத்திச்சியாக இருக்கும் மதினி, கடைக்குப் போகும் அண்ணனுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். "இதுக்குப் போயி ஏன் மூஞ்சத் தூக்கி வச்சிருக்க? நாங்க பாடக்குறிப்பே ஏஐல தான எழுதுதோம்" என்றாள். அவளே வந்து திறந்தும் கொடுத்தாள்.

பெயர், படை எண், ஆஸ்பத்திரி எதையும் இந்த மாதிரி வெளியிடத்தில் போடக் கூடாது என்பது எங்கள் சட்டம். அதனால் 'ஒரு நர்சிங் அதிகாரி' என்று மட்டும் போட்டு, அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததைக் கொட்டினேன். சுருக்கி ஐந்து வரியில் கொடு என்றேன். அப்படிச் செய்வதும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் களைப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஐந்து பேர் முடிந்துவிட்டார்கள். ஐந்து பேரும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி ஒரே முகமாக வந்திருந்தார்கள். நானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும், என்ன, ஐந்து நாள் ஆகியிருக்கும்.

ஆறாவது ஆள்தான் சிக்கல்.

அவள் கேப்டன். சிவகிரிக்காரி. குறுகிய காலப் பணியில் சேர்ந்தவள். பணியை நிரந்தரமாக்குவதா என்று முடிவு செய்யும் போர்டு அவளுக்கு இந்த வருஷம் வருகிறது. என் அறிக்கை தொய்ந்தால் அவள் உடுப்பைக் கழற்றிவிட்டு சிவகிரிக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். அவளுக்கு அந்த வேலையைத் தவிர வேறு நினைப்பு கிடையாது என்பது எனக்குத் தெரியும். வார்டில் என்னை மேடம் என்பாள், வெளியே வந்தால் அக்கா. அத்தனை இந்திக்கும் இங்கிலீஷுக்கும் நடுவில் நாங்கள் இரண்டு பேரும் டீ குடிக்கும்போது மட்டும் ஊர்ப் பேச்சு பேசுவோம். ஏழு மாதமாக அது இல்லை. அவளிடம் இங்கிலீஷ் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை என்று நான்தான் நிறுத்தினேன்.

ஏழு மாதத்துக்கு முன்னால் வார்டில் ஆள் குறைவு. மருந்துச் சீட்டுகளைப் புதுத் தாளில் பெயர்த்து எழுதும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். ஒரே ரெஜிமெண்டைச் சேர்ந்த இரண்டு ஜவான்கள், ஒரே குடும்பப் பெயர், அடுத்தடுத்த கட்டில். ஒருவருக்குச் சர்க்கரை, இன்னொருவருக்குக் கால் முறிவு. சர்க்கரைக்காரரின் இன்சுலினைக் கால் முறிந்தவரின் சீட்டில் எழுதிவிட்டேன். பெயரைப் பார்க்காதே, படை எண்ணைப் பார் என்று புதிதாக வருகிற ஒவ்வொருத்திக்கும் பாடம் எடுப்பவள் நான். சிவகிரிக்காரி அந்தப் பாடத்தை மறக்கவில்லை. ஊசியைக் கையில் எடுத்தவள், சீட்டிலிருந்த எண் கால் முறிந்தவருடையது என்று கண்டு, அப்படியே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

நான் சீட்டைத் திருத்தினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, பதிவேட்டில் எழுத வேண்டாம் என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "எழுதாம இருக்க முடியாது மேடம்" என்றாள். எழுதினாள். பெயர்த்து எழுதியதில் பிழை, ஊசி போடும் முன் கண்டுபிடிக்கப்பட்டது என்று எழுதினாளே ஒழிய, யார் பிழை என்று எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அவள் என்னைக் காப்பாற்றியிருந்தாள். எனக்கோ, சின்னப் பெண் என் பேச்சைத் தட்டிவிட்டாளே என்ற ஆத்திரம்தான் ஏழு மாதமாக ஆறவில்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அவளைப் பற்றியும் தட்டினேன். நேரம் தவறாதவள், கை சுத்தம், நோயாளிகளுக்குப் பிடித்தவள். கடைசியில், கொஞ்சம் பிடிவாதம் என்று சேர்த்தேன். விரல் தானாகப் போனது என்று சொல்லலாம், ஆனால் அது பொய். தெரிந்துதான் சேர்த்தேன்.

ஐந்து வரி வந்தது. ஐந்தாவது வரியில், மூத்தவர்களின் வழிகாட்டுதலை ஏற்றுக்கொள்வதில் இவர் இன்னும் வளர வேண்டும் என்று இருந்தது. வெளியாள் வாசித்தால் மரியாதையான வரி. எங்கள் போர்டில் உட்காருகிறவர்களுக்கு அது ஒன்றே போதும், மற்ற நாலு வரியைப் பார்க்கவே மாட்டார்கள். ஏஐக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். அந்த வரியை அழிக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் இனித்தது.

அதற்குக் கீழே, பிடிவாதம் என்பதற்கு ஒரு சம்பவம் சொன்னால் இன்னும் துல்லியமாகச் சுருக்கலாம் என்று கேட்டிருந்தது. எனக்கு ஒரே ஒரு சம்பவம்தான் நினைவில் இருந்தது. நடந்ததை நடந்தபடி எழுதினேன். என்னை மட்டும் 'ஒரு மூத்த அதிகாரி' என்று போட்டேன். மறுபடி வந்ததில் வளர வேண்டும் என்ற வரி காணாமல் போயிருந்தது. மூத்த அதிகாரி ஒருவரின் பிழையை ஊசி போடும் முன் கண்டுபிடித்தார், அவர் வேண்டாம் என்ற பிறகும் எழுத்தில் பதிவு செய்தார், நம்பி வார்டை ஒப்படைக்கத் தக்கவர் என்று இருந்தது. மொத்தமே நாலு வரி.

மதினி பள்ளிக்கூடம் விட்டு வந்து அதை வாசித்தாள். யார் அந்த மூத்த அதிகாரி என்று கேட்டாள். சொன்னேன். அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அடுத்த வருசம் உனக்கும் பிரமோசன் போர்டு வருதுல்லா? ஒண்ணும் தெரியாத மாதிரி அத எடுத்துட்டு, நல்ல பிள்ளைன்னு பொதுவா எழுதிரு. யாரு கேக்கப் போறா?"

அவள் சொன்னதில் தப்பில்லை. பொதுவாக எழுதினால் மற்ற ஐந்து பேரில் ஒருத்தியாக அவளும் போவாள். ஊர்க்காரிக்குத் தூக்கிக் கொடுத்தாள் என்ற பேச்சும் வராது. ஆனால் அவள் செய்தது போர்டுக்குத் தெரியாமலே போகும். சம்பவத்தை விட்டு வைத்தால், வாசிக்கும் மேலதிகாரியின் முதல் கேள்வியே அந்த மூத்தவர் யார் என்பதுதான். பெயரில்லாமல் விட்டால் விசாரணை அவளைத்தான் சுற்றும். இன்னொரு தடவை அவள் என்னைக் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

பெட்டியில் ஒரு வரிக்கு இடம் மிச்சமிருந்தது. அதை எழுத யாரையும் கேட்கவில்லை. 'அந்த மூத்த அதிகாரி நானே' என்று அடித்தேன். இருபது வருஷத்தில் அந்தப் பெட்டிக்குள் நான் எழுதியதிலேயே சின்ன வாக்கியம் அதுதான். எழுதி முடித்ததும் காய்ச்சல் விட்ட மாதிரி உடம்பெல்லாம் சோர்வு.

எங்கள் வழக்கப்படி, தன்னைப் பற்றி எழுதியதை அவளும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். போனில் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். இங்கிலீஷில்தான். கடைசி வரியை முடித்ததும் அவள் குறுக்கிட்டாள்.

"அந்தக் கடைசி வரி வேண்டாம் மேடம். எடுத்துருங்க."

"எடுக்க முடியாதுட்டி" என்றேன், ஏழு மாதம் கழித்து ஊர்ப் பேச்சில். "நான் வந்ததும் கையெழுத்தப் போடு."

அவள் மெதுவாக, "சரிக்கா" என்றாள்.