டொக்டர் வரும்போது எழுந்து நின்றேன்

காலில் ஏதோ கிழித்தது எனக்குத் தெரியவே தெரியாது. பெல்மதுளைக்கு மேலே எங்கள் இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டிவிட்டு வந்து கால் கழுவினேன். தண்ணீர் சிவப்பாக ஓடியது. வலி இல்லை. வலி இல்லாததுதான் வியாதி என்று அப்போது எனக்கு யார் சொன்னார்கள்?

நீரிழிவு (சீனி வியாதி) முற்றி, பாதத்து நரம்புகள் செத்துப் போயிருந்தன. மூன்று வாரம் மஞ்சளும் வேப்பிலையும் வைத்துக் கட்டிப் பார்த்துவிட்டு, டவுன் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது. உங்களில் யாராவது இப்போது அப்படிப் படுத்திருந்தால், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அறிவுரை சொல்ல எனக்குத் தெம்பில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

டொக்டர் சிங்களவர். என் மகள் வயதுதான் இருக்கும் அந்தப் பிள்ளைக்கு. கடையிலும் பஸ்ஸிலும் பேசிப் பழகி எனக்கும் சிங்களம் நன்றாக வரும். அதனால் பாஷையில் எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை.

"காலைக் கீழ வைக்கவே கூடாது அம்மே. தலகாணி மேல தூக்கி வச்சிருங்க" என்றார். சரிங்க என்று தலையாட்டினேன்.

மறுநாள் காலை அவர் வார்டுக்குள் நுழைந்ததும் கட்டிலை விட்டு இறங்கி, முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றேன். தோட்டத்தில் துரை (மனேஜர்) வந்தால் அப்படித்தான். காய்ச்சலானாலும் நிறைமாதமானாலும் எழுந்து நிற்க வேண்டும். யோசிப்பதே இல்லை, உடம்பே செய்துவிடும்.

"வலிக்குதா?"

"இல்லைங்க. நல்லாருக்கேன்."

அவர் முகம் கடுகடுத்தது. அடடா, மரியாதை போதவில்லை போலிருக்கிறது என்று, அடுத்த நாள் அவர் வாசலில் தெரியும்போதே எழுந்துவிட்டேன். பக்கத்துக் கட்டில் சிங்கள அம்மா படுத்தபடியே பதில் சொன்னாள். என்ன திமிர் பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பது நாள் இப்படி. நான் வார்டெல்லாம் சுற்றித் திரியும், சொல்பேச்சுக் கேட்காத பொம்பளை என்று அவர் நினைத்தார். அவரைச் சிடுமூஞ்சி என்று நான் நினைத்தேன்.

பத்தாம் நாள் என் மகள் செல்வி கூட இருந்தாள். நான் நின்ற இடத்தில் தரையெல்லாம் இரத்தமும் சீழும். டொக்டர் கத்திவிட்டார்.

"உங்கம்மாவுக்குக் கால் வேணுமா, வேணாமா? எப்ப வந்தாலும் நின்னுக்கிட்டே இருக்காங்க!"

"நீங்க வர்றதுனாலதாங்க நிக்கிறாங்க" என்றாள் செல்வி. "தொரை வந்தா நாங்க உக்காந்திருக்க மாட்டோம்."

டொக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் தலைமாட்டில் உட்கார்ந்தார். "நான் தொரை இல்ல அம்மே. படுங்க."

படுத்தேன். பெரிய மனுஷர் ஒருவர் முன்னால் படுத்துக்கொண்டு பேசுவது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் கால் மரத்துப்போய் ஒரு வருஷம் ஆகிறது என்பதை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன்.

அதற்குள் எலும்பழற்சி (கிருமி எலும்புக்குள் இறங்குவது) வந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். நான் நின்றதால்தான் போனது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஏன் நிற்கிறாய் என்று அவர் முதல் நாளே கேட்டிருக்கலாமே என்று ஆத்திரம் வரும். நான் சொல்லியிருக்கலாமே என்றும் வரும். இப்போது ஆத்திரப்படவும் அலுப்பாக இருக்கிறது.

மாய உறுப்புணர்வு (எடுத்துவிட்ட உறுப்பு இன்னும் இருப்பதுபோல் தோன்றுவது) சில பேருக்கு வரும் என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். எனக்கு வந்தது. முன்பெல்லாம் பிரட்டுக்களத்தில் (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) பேர் கொடுக்க ஓடுவதற்கென்றே விடியும். இப்போது வெயில் வாசற்படி தாண்டி என் மடிக்கு வரும்போதுதான் எனக்குப் பொழுது விடிகிறது.

போன மாதம் புதுத் துரை நாங்கள் குடியிருக்கும் லயம் பார்க்க வந்தார். நான் கதவருகே நாற்காலியில் இருந்தேன். எழவில்லை. ஆனால் இல்லாத அந்தக் கால் மட்டும் தரையில் ஊன்றி எழுந்து நின்றது. அவர் போகும்வரை அது உட்காரவேயில்லை.