மூப்பருக்கு ஒரு 'ங்க'

போன ஞாயிறு எங்கள் பாஸ்டர் ஒரு கிரேக்க வார்த்தையோடு பிரசங்கத்தை ஆரம்பித்தார். பிரெஸ்புதெரோஸ். நம் பைபிளில் 'மூப்பர்' என்று வருகிறதே, அதன் மூலம்!

முதலில் அது பதவியெல்லாம் இல்லையாம் — வயதில் மூத்தவர், அவ்வளவுதான். யூதர்களின் ஊர்ப் பெரியவர்களுக்கு வழங்கியது, பிறகு சபைப் பொறுப்பாளர்களுக்கும் வந்தது. இங்கிலீஷில் 'பிரீஸ்ட்' என்கிறோமே, அதுவும் இதிலிருந்து பிறந்ததுதானாம்.

முன்வரிசையில் எங்கள் மூப்பர் தாவீது ஐயா சந்தோஷமாகத் தலையாட்டினார். எழுபதைத் தாண்டியவர்.

மதியம் அவரோடு கோயம்புத்தூர் பக்கத்தில் இருக்கும் தொண்டாமுத்தூர் போனேன். அவர் பேத்தி கல்யாணத்துக்கு அழைக்க. பாதி ஆயுள் அவர் தண்ணீர் பாய்ச்சிய தென்னந்தோப்பு அங்கே இருக்கிறது. "மொதப் பத்திரிகை அங்கதானுங்க வெக்கோணும்" என்றார்.

முதலாளியின் மகன் இருந்தார். இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். "வாங்க சார், உக்காருங்க" என்றார் என்னிடம். குரைத்த நாயிடம், "டைகர், சும்மா இருங்க... இங்க வாங்க கண்ணு."

பிறகு மூப்பர் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா தாவீது, என்ன இந்தப் பக்கம்?"

டா! எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. மரியாதைக்குப் பேர் போன கோயம்புத்தூராம்! நாய்க்குக்கூட 'ங்க' போடுகிற வாய்க்கு, ஒரு பெரிய மனிதரின் சாதியைப் பார்த்ததும் என்ன வந்துவிடுகிறது?

"தம்பி, அவர் எங்க சர்ச் மூப்பர்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "அப்படின்னா வயசுல பெரியவர்னு அர்த்தம்."

"தெரியுமே சார். எங்க தாத்தா காலத்துல இருந்து இங்க வேலை செஞ்சவன்தானே?"

வயது தெரிகிறதாம்... தெரிந்தேதான் பேசுகிறான்! ஆமாம், 'பேசுகிறான்'. இதற்கு மேல் அவனுக்கு 'ர்' போட என்னால் முடியாது.

மூப்பர் நீட்ட எடுத்த பத்திரிகையைப் பைக்குள் திரும்ப வைத்தார்.

"பேத்திக்குக் கண்ணாலமுங்க தம்பி. மாப்ள ஊட்டுக்காரங்க முன்னால என்னைய 'டா'ன்னு கூப்பிட்டீங்கன்னா, புள்ளைக்குத் தலைகுனிவாப் போயிருமுங்க. அதனால உங்களைக் கூப்பிடலீங்க. வாரேனுங்க."

அந்த நிலையிலும் ஒரு 'ங்க' குறையவில்லை, பாருங்கள். நானாக இருந்தால் பத்திரிகையை அங்கேயே கிழித்துப் போட்டிருப்பேன்.

அவன் நாற்காலியை விட்டு அசையவில்லை.

கேட் வரை வந்து எங்களை வழியனுப்பியவர் டைகர்தான்!